இதயத்தைச் சூழ்ந்த நீரிலிருந்து மறைந்திருக்கும் புற்றுநோயைக் கண்டறியும் முறை

மூச்சுத்திணறல் என்று வந்த ஒருவருக்கு எக்கோ (மீயொலியால் இதயத்தைக் காட்டும் சோதனை) எடுத்துப் பார்க்கும்போது இதயத்தைச் சுற்றி நீர் தேங்கியிருப்பது தெரிகிறது. அவருக்குப் புற்றுநோய் இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. கழுத்திலோ மார்பிலோ கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவும் இல்லை. இத்தகையவர்களில் பெரும்பாலோருக்கு நீர் தேங்கியதன் காரணம் புற்றுநோய் அன்று. ஆயினும் ஒரு பகுதியினருக்கு, உடலில் எங்கோ ஓசையின்றி வளர்ந்துகொண்டிருக்கும் புற்றுநோயின் முதல் அடையாளம் அந்த நீர்தான். அந்த ஒரு பகுதியினரை அடையாளம் காண்பது எப்படி, நீரை எடுக்கும்போதும் ஆய்வகத்துக்கு அனுப்பும்போதும் எவற்றில் கவனம் வேண்டும், விடை தெளிவாக வராதபோது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பனவற்றை இளம் மருத்துவர்களையும் மருத்துவ மாணவர்களையும் மனத்தில் வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். நோயாளியின் குடும்பத்தினரும் இதைப் படித்து, தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் மருத்துவர் நேரில் பார்த்து எடுக்கும் முடிவுக்கு இது மாற்றாகாது.

முதலில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இதய உறையில் ஊசி செலுத்தி நீர் எடுப்பது எளிதில் திரும்பச் செய்யக்கூடிய சோதனையன்று. ஆகவே அந்த நீரிடம் என்னென்ன கேட்கப் போகிறோம் என்பதை ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நோயாளியின் உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் நீரை வடித்து, அதில் பத்து மில்லிலிட்டரை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவதுதான் இந்த நோயறிதலில் நேரும் மிகப் பெரிய இழப்பு.

நீர் ஏன் சேர்கிறது

இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்குகளாக அமைந்த உறையின் இடைவெளியில் இயல்பாகவே 10 முதல் 50 மில்லிலிட்டர் வரை நீர் இருக்கும். இரத்த நுண்குழாய்களிலிருந்து கசிந்து ஊறும் இந்த நீரை நிணநீர்க் குழாய்கள் திரும்ப எடுத்துச் செல்கின்றன. ஊறுவது மிகுந்தாலோ வடிவது குறைந்தாலோ தேக்கம் உண்டாகிறது. புற்றுநோய் இதை இரு வழிகளில் செய்கிறது. புற்றுநோய் உயிரணுக்கள் நிணநீர் வழியாகவோ, இரத்தத்தின் வழியாகவோ, அருகிலுள்ள கட்டியிலிருந்து நேரடியாகப் பரவியோ உறையை வந்தடைந்து, அங்கே படிந்து, அழற்சியையும் கசிவையும் உண்டாக்குவது ஒரு வழி. இதயத்தின் நிணநீர் வந்து சேரும் நடுமார்பு நிணநீர்க்கணுக்களைப் புற்றுநோய் அடைத்துவிடுவதால் நீர் வடிய வழியின்றித் தேங்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியை மறந்துவிடலாகாது. ஏனெனில், இவ்வாறு தேங்கிய நீரில் புற்றுநோய் உயிரணு ஒன்றுகூட மிதக்காமல் இருக்கலாம். நீரில் புற்று இல்லை என்ற அறிக்கை, உடலில் புற்று இல்லை என்று பொருள்படாததற்கு இது முக்கியமான காரணம்.

உறைக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய் முதலிடத்தில் நிற்கிறது. அதற்கடுத்து மார்பகப் புற்றுநோய், லிம்போமா (நிணநீரணுக்களின் புற்று), இரத்தப் புற்றுநோய், மெலனோமா (தோலின் நிற உயிரணுக்களில் தோன்றும் புற்று), உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆகியவை வருகின்றன. உறையிலோ இதயத்திலோ தானே தோன்றும் மீசோதீலியோமா (உறையின் உட்புற உயிரணுக்களில் தோன்றும் புற்று), ஆஞ்சியோசார்கோமா (இரத்தக்குழாய் உயிரணுக்களில் தோன்றும் புற்று) போன்றவை மிக அரியவை. அவற்றுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு என்பதால் பின்னர் அவற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

இதய உறையில் நீர் சேர்வதற்கு வைரஸ் தொற்று, காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டுச் சுரப்புக் குறைபாடு, லூபஸ், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், மாரடைப்புக்கோ இதய அறுவை சிகிச்சைக்கோ பிந்தைய விளைவு, சில மருந்துகள், மார்பில் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சு எனக் காரணங்கள் பல. இவற்றுள் எளிதில் உறுதிசெய்யக்கூடியவற்றை முதல் நாளிலேயே இரத்தப் பரிசோதனையாலும் விசாரணையாலும் பிரித்துவிடலாம். எஞ்சியிருப்பவர்களிடம் சில குறிப்புகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோ, மூச்சிழுக்கும்போது கூடும் கூர்மையான நெஞ்சுவலியோ, ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் உராய்வொலியோ இல்லாமல், அதாவது அழற்சிக்கான அடையாளம் எதுவுமின்றி, நீர் மட்டும் விரைவாகச் சேர்ந்து இதயத்தை அமுக்குமானால் புற்றுநோயைத் தீவிரமாக நினைக்க வேண்டும். இதற்கு மாறாக, பெரிய அளவில் நீர் இருந்தும் அமுக்கமும் அழற்சியும் இன்றிப் பல மாதங்களாக அப்படியே இருக்குமானால், காரணம் அறியப்படாத நாள்பட்ட தேக்கமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. வைரஸால் வந்த உறை அழற்சி என்று கருதி அழற்சியடக்கி மாத்திரையும் கால்ச்சிசினும் கொடுத்த பிறகும் நீர் குறையாமல் இருப்பது, வடித்த சில நாள்களில் மீண்டும் சேர்வது, காரணமின்றி எடை குறைவது, நீண்ட காலப் புகைப்பழக்கம், இருமலில் இரத்தம், குரல் கம்மல், முகமும் கழுத்தும் வீங்குவது ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும். உறையில் நீரோடு நுரையீரலைச் சுற்றியும் நீர் இருப்பது, குறிப்பாக ஒரு பக்கம் மட்டும் இருப்பது, மார்பை முழுமையாகப் படமெடுத்துப் பார்க்கப் போதிய காரணம்.

இந்தச் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. டென்மார்க்கின் தேசிய மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்று, இதய உறை அழற்சி என்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட 13,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தது. முதல் மூன்று மாதங்களுக்குள் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர். எல்லாரையும் அச்சுறுத்தும் எண் அன்று இது; அதே வேளையில், பொதுமக்களிடம் எதிர்பார்க்கப்படுவதைவிடப் பல மடங்கு மிகுதி. அழற்சி அறிகுறியின்றி, இதயத்தை அமுக்கும் அளவு நீரோடு வருபவர்களிடம் இந்த வாய்ப்பு இன்னும் கூடுதலாகும்.

முதலில் ஆபத்தை அளவிடுங்கள்

காரணத்தைத் தேடுவதற்கு முன், நீர் இதயத்தை அமுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர்கள் டாம்பனாட் என்று சொல்லும் இந்த நிலையில் இதயத்தின் அறைகள் விரிந்து நிரம்ப முடியாமல் போகின்றன. இரத்த அழுத்தம் தாழ்வது, கழுத்துச் சிரைகள் புடைப்பது, இதய ஒலி மங்குவது ஆகிய மூன்று அறிகுறிகளையும் அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935இல் தொகுத்துச் சொன்னார். மெல்ல மெல்ல நீர் சேரும் புற்றுநோயாளிகளிடம் இம்மூன்றும் ஒருசேரத் தோன்றும்வரை காத்திருப்பது தவறு. மூச்சை உள்ளிழுக்கும்போது மேல் இரத்த அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்கும் மேலாகக் குறைகிறதா என்பதைச் சாதாரண அழுத்தமானியைக் கொண்டே அளக்கலாம். அதை அளக்க இரண்டு நிமிடம் ஒதுக்குவது வீணாகாது. இ.சி.ஜி.யில் அலைகளின் உயரம் குறைவதும், ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு உயரம் மாறுவதும் பெரிய தேக்கத்தைக் குறிக்கும். மார்பு எக்ஸ்ரேயில் இதய நிழல் பெருத்துத் தெரிய ஏறத்தாழ 200 மில்லிலிட்டருக்கு மேல் நீர் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், எக்ஸ்ரே இயல்பாக இருப்பதை வைத்து நீர் இல்லை என்று சொல்ல முடியாது.

எக்கோதான் இங்கே அடிப்படைக் கருவி. இதயம் விரியும் கட்டத்தில் உறையின் இரு அடுக்குகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் சிறிய தேக்கம், 10 முதல் 20 மி.மீ. வரை நடுத்தரம், 20 மி.மீ.க்கு மேல் பெரியது. அளவைவிட முக்கியமானவை, வலது மேலறையும் வலது கீழறையும் உள்நோக்கி மடிகின்றனவா, கீழ்ப்பெருஞ்சிரை மூச்சோடு சுருங்காமல் விரிந்தே நிற்கிறதா என்பவை. நீரின் அளவு சிறியதாக இருந்தும் வேகமாகச் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து உண்டாகலாம். ஒரு லிட்டர் மெதுவாகச் சேர்ந்திருந்தால் நோயாளி நடந்தே வரலாம். எக்கோ செய்பவர் உறையின் தடிப்பையும், உறையோடு ஒட்டிய முடிச்சுகளையும், வலது மேலறையில் கட்டி ஏதும் உண்டா என்பதையும் சேர்த்துப் பார்த்து எழுத வேண்டும். பெருந்தமனியின் உட்சுவர் பிளந்து உறைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதோ என்ற ஐயம் இருந்தால் ஊசியை நெருங்கவே கூடாது. அது உடனடி அறுவை சிகிச்சைக்கு உரியது.

ஊசிக்கு முன்னால் தேட வேண்டியவை

அமுக்கம் இல்லாத நோயாளியிடம் நமக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் முழு உடலையும் ஆராய வேண்டும். காறை எலும்புக்கு மேலும் அக்குளிலும் நிணநீர்க்கணுக்கள் வீங்கியுள்ளனவா, மார்பகத்தில் கட்டி உண்டா, தோலில் நிறம் மாறிய மச்சமோ பழைய மச்சம் அகற்றிய தழும்போ உண்டா, மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை முடிந்து, குணமாகிவிட்டதென்று நோயாளியே சொல்ல மறந்துவிட்ட மார்பகப் புற்றுநோயும் மெலனோமாவும் இதய உறையில் திரும்ப வருவதுண்டு. ஆகவே பழைய அறுவை சிகிச்சைகளைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டும்.

இரத்தத்தில் முழு அணுக்கள் எண்ணிக்கையும் படலப் பரிசோதனையும், சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), கிரியேட்டினின் (சிறுநீரகச் செயலைக் காட்டுவது), தைராய்டுச் சோதனை, எல்.டி.எச். (உயிரணுக்கள் சிதையும்போது உயரும் நொதி), தேவையானால் எச்.ஐ.வி., தன்னெதிர்ப்புச் சோதனைகள் ஆகியவை போதும். எல்லாப் புற்றுக் குறியீடுகளையும் (புற்று இருக்கும்போது உயரக்கூடிய பொருள்களை) இரத்தத்தில் மொத்தமாகச் சோதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை அழற்சியிலும் உயரும், புற்று இருந்தும் உயராமல் இருக்கும், இரண்டு வழியிலும் நம்மைத் திசைதிருப்பும். அதற்குப் பதிலாக, சாயம் செலுத்தி எடுக்கும் மார்பு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேன் மிகுந்த பயன் தரும். நுரையீரல் கட்டி, நடுமார்புக் கணுக்கள், உறையின் ஒழுங்கற்ற தடிப்பு, கல்லீரலிலோ அட்ரீனலிலோ படிந்த முடிச்சு ஆகியவை அதில் தெரியும். இதன் மூலம் கழுத்திலோ அக்குளிலோ எளிதில் எட்டக்கூடிய கணு ஒன்று கிடைத்துவிட்டால், அங்கே பயாப்சி (சோதனைக்காகச் சிறு திசு) எடுப்பது இதயத்துக்கு அருகே ஊசி செலுத்துவதைவிடப் பாதுகாப்பானது. திசுவும் தாராளமாகக் கிடைக்கும்.

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. நுரையீரலில் புற்று உறுதியாகிவிட்டது என்பதனாலேயே உறையிலுள்ள நீரும் புற்றினால் வந்தது என்று எழுதிவிடக் கூடாது. புற்றுநோய் இருப்பதாக ஏற்கெனவே அறியப்பட்டவர்களிடம் காணப்படும் இதய உறை நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கதிர்வீச்சு, மருந்து, தொற்று முதலிய வேறு காரணங்களால் வந்ததாக இருக்கலாம் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. நுரையீரல் புற்றுநோயில் உறை நீரில் புற்று இருப்பது உறுதியானால் அது நான்காம் நிலையாக, அதாவது பரவிவிட்ட கடைசி நிலையாகக் கணக்கிடப்படும். அறுவை சிகிச்சையால் குணப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய மூடிவிடும். திரும்பத் திரும்பச் சோதித்தும் புற்று உயிரணு இல்லை, நீரில் இரத்தமும் இல்லை, அழற்சிக் கசிவின் தன்மையும் இல்லை என்றால், அந்த நீரை நிலை நிர்ணயத்தில் சேர்க்கக் கூடாது என்பதே விதி. ஒரு மனிதரின் சிகிச்சை முழுவதும் இந்த ஓர் அறிக்கையில் தொங்குகிறது என்பதை நினைவில் வைத்தால் அதற்குரிய கவனம் தானே வந்துவிடும்.

யாருக்கு நீர் எடுக்க வேண்டும்? அமுக்கம் உள்ளவர்களுக்கு உடனே எடுக்க வேண்டும். புற்றுநோய், காசநோய், சீழ் ஆகியவற்றில் ஒன்றை வலுவாகச் சந்தேகிக்கும்போதும், 20 மி.மீ.க்கு மேற்பட்ட தேக்கம் மருந்துக்குக் கட்டுப்படாமல் தொல்லை தரும்போதும் எடுக்கலாம். தொல்லையில்லாத சிறிய தேக்கத்தில் நோயறிதலுக்காக மட்டும் ஊசி செலுத்துவது, கிடைக்கும் தகவலைவிட ஆபத்தையே மிகுவிக்கும். அவர்களுக்கு ஸ்கேனும் சில வாரங்கள் கழித்து மறு எக்கோவும் போதும்.

நீரை எடுப்பதும் அனுப்புவதும்

நோயாளி உறைவெதிர்ப்பு மருந்து எடுக்கிறாரா என்று பார்த்து, எக்கோவின் துணையோடு, நீர் மிகுதியாகவும் தோலுக்கு அருகிலும் உள்ள இடத்தைத் தேர்ந்து ஊசி செலுத்த வேண்டும். மார்பெலும்பின் கீழ்நுனிக்கு அடியில்தான் எப்போதும் செலுத்த வேண்டும் என்பது பழைய வழக்கம். எக்கோவில் பார்த்தால் பல நேரங்களில் இடப்பக்க மார்புச் சுவரே கிட்டிய வழியாக இருக்கும். ஊசி உறைக்குள்தான் இருக்கிறது என்பதை, குலுக்கிய உப்புநீரைச் சிறிதளவு செலுத்தி எக்கோவில் குமிழிகள் எங்கே தோன்றுகின்றன என்று பார்த்து உறுதிசெய்யலாம். வரும் நீர் இரத்தமாகவே தெரிந்தால் அது உறையிலிருந்து வருகிறதா, இதய அறையிலிருந்தா என்ற ஐயம் எழும். உறையில் தங்கிய இரத்தம் பொதுவாக உறைவதில்லை, அதன் சிவப்பணு விகிதமும் உடலின் இரத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். ஆயினும் வேகமாகக் கசியும் இரத்தம் உறையவும் கூடும் என்பதால் குமிழிச் சோதனையையே நம்ப வேண்டும்.

ஒரே மூச்சில் முழுவதையும் வடித்துவிடக் கூடாது. திடீரென அமுக்கம் நீங்கும்போது இதயம் தளர்ந்துபோகும் நிலை ஒன்று உண்டு. அதைத் தவிர்க்க, ஒரு தடவையில் ஒரு லிட்டருக்கு உட்பட்டு, படிப்படியாக வடிக்க வேண்டும். வடிகுழாயை உள்ளேயே விட்டு, ஒரு நாளில் வருவது 30 மில்லிலிட்டருக்குக் கீழ் குறையும்வரை வைத்திருப்பது வழக்கம். இதனால் நோயறிதலுக்கும் ஒரு நன்மை உண்டு: முதல் மாதிரி போதாமல் போனால், புதிதாக ஊறிய நீரிலிருந்து இன்னொரு மாதிரியை ஊசியின்றியே பெறலாம். அதைக் குழாயிலிருந்து அப்போதே எடுக்க வேண்டும். இரவு முழுவதும் பையில் கிடந்த நீரில் உயிரணுக்கள் சிதைந்துபோயிருக்கும்.

இனி மாதிரிகள். புட்டிகளை முன்கூட்டியே பெயர் எழுதி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். உயிரணு ஆய்வுக்கு, அதாவது சைட்டாலஜிக்கு, குறைந்தது 60 மில்லிலிட்டர். அதற்கு மேல் கிடைத்தால் அத்தனையையும் அனுப்புங்கள். நீர் இரத்தம் கலந்திருந்தால் கட்டியாகாமல் இருக்க ஹெப்பாரின் சேர்த்த கலத்தில் எடுக்க வேண்டும். இந்த மாதிரியில் ஃபார்மலின் ஊற்றக் கூடாது. அது புதிய நிலையிலேயே சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும். முடியாதபோது 4 டிகிரி செல்சியஸில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. லிம்போமாவைச் சந்தேகித்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கென்று (உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் வகைபிரிக்கும் சோதனைக்கென்று) ஒரு பகுதியைத் தனியே பிரித்து அன்றே அனுப்ப வேண்டும், ஏனெனில் அதற்கு உயிருள்ள உயிரணுக்கள் தேவை. அணுக்களை எண்ணுவதற்கு ஈ.டி.டி.ஏ. குழாய், புரதம், குளுக்கோஸ், எல்.டி.எச்., அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி ஆகியவற்றுக்கு ஒரு குழாய், கிருமி வளர்ப்புக்கும் காசநோய்க்கான மரபணுச் சோதனைக்கும் கிருமி நீக்கிய தனிக் கலம். புற்றுநோயையே தேடினாலும் காசநோய்ச் சோதனைகளை விடவே கூடாது. இரண்டும் ஒரே முகத்தோடு வருபவை.

கோரிக்கைத் தாளில் ‘இதய உறை நீர், சைட்டாலஜி’ என்று மட்டும் எழுதி அனுப்புவது நோயியல் வல்லுநரின் கண்களைக் கட்டிவிடுவதற்குச் சமம். வயது, புகைப்பழக்கம், பழைய புற்றுநோய், கதிர்வீச்சு, கீமோதெரபி, ஸ்கேனில் கண்டவை, நம் சந்தேகம் எது என்பவற்றை நான்கு வரிகளிலாவது எழுத வேண்டும். முடிந்தால் தொலைபேசியில் பேசிவிடுவது இன்னும் நல்லது.

நிறமும் வேதியியலும் எவ்வளவு சொல்லும்

நீர் இரத்தச் சிவப்பாக இருந்தால் புற்று என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். காசநோயிலும், சிறுநீரகச் செயலிழப்பிலும், இதய அறுவை சிகிச்சைக்குப் பின்னும், உறைவெதிர்ப்பு மருந்தாலும் இரத்தம் கலந்த நீர் வரும். புற்றினால் வந்த நீர் தெளிந்த மஞ்சளாகவும் இருக்கலாம். நிறம் சந்தேகத்தைக் கூட்டலாம், தீர்ப்புச் சொல்லாது.

நுரையீரல் உறை நீருக்காக ரிச்சர்ட் லைட் 1972இல் வகுத்த அளவுகோல்களை இங்கே அப்படியே பொருத்துவதும் சரியன்று. இயல்பான இதய உறை நீரிலேயே எல்.டி.எச். மிகுந்திருப்பதால், ஏறக்குறைய எல்லா நீரும் அழற்சிக் கசிவு என்றே அந்தக் கணக்கில் தோன்றும். அடினோசின் டீஅமினேஸ் லிட்டருக்கு 40 அலகுகளுக்கு மேல் இருந்தால் காசநோயை நினைக்கிறோம். லிம்போமாவிலும் அது உயரும் என்பதை உடன் நினைக்க வேண்டும். நீரில் சி.இ.ஏ. போன்ற புற்றுக் குறியீடுகள் மிக உயர்ந்திருப்பது, சைட்டாலஜி தெளிவில்லாதபோது பயாப்சியை நோக்கித் தள்ளும் துணைச் சான்றாகலாம். அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்வதற்கில்லை.

நுண்ணோக்கியின் கீழே

உண்மையான விடை இங்கேதான் கிடைக்கிறது. சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. உறையின் உட்புறத்தை மூடியிருக்கும் மீசோதீலியல் உயிரணுக்கள், அழற்சியால் தூண்டப்படும்போது பெருத்து, உட்கரு கருத்து, கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. அந்தக் கோலத்தில் அவை அடினோகார்சினோமா (சுரப்பி உயிரணுக்களில் தோன்றும் புற்று) உயிரணுக்களைப் போலவே தோன்றும். இதயம் ஓயாமல் அசைவதால் உறையில் இந்த மாற்றம் பெரிதாகவே இருக்கும். வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இரு பக்கமும் தவறலாம் என்பதால்தான் செல் பிளாக் தேவைப்படுகிறது. நீரைச் சுழற்றி அடியில் திரளும் உயிரணுக்களை ஒரு கட்டியாக்கி, பாரஃபினில் பதித்து, திசுவைப் போலவே மெல்லிய சீவல்களாக வெட்டி வைத்துக்கொண்டால், ஒரே மாதிரியிலிருந்து பல சாயச் சோதனைகளைச் செய்யலாம். அறுபது மில்லிலிட்டர் கேட்பது பெரிதும் இதற்காகவே.

சாயச் சோதனைகளில் முதல் கேள்வி, இந்த உயிரணு இதய உறைக்கு உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்பது. சாயம் ஏற்றிப் பார்க்கும் குறியீடுகளில் கால்ரெட்டினின், டபிள்யூ.டி.-1 ஆகியவை உறையின் உயிரணுக்களைக் காட்டும், க்ளாடின்-4, எம்.ஓ.சி.-31, பெர்-ஈ.பி.4 ஆகியவை கார்சினோமாவை, அதாவது உறுப்புகளின் மேலடுக்கு உயிரணுக்களில் தோன்றும் புற்றைக் காட்டும். ஒன்றை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டையாவது வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு. வெளியிலிருந்து வந்ததென்று உறுதியானால் இரண்டாவது கேள்வி, எங்கிருந்து என்பது. மறைந்திருக்கும் புற்றைத் தேடுபவருக்கு இதுவே மிகவும் மதிப்புள்ள கட்டம். டி.டி.எஃப்.-1, நாப்சின்-ஏ ஆகிய இரண்டும் தெரிந்தால் நுரையீரல் அடினோகார்சினோமாவை நோக்கிச் செல்ல வேண்டும், டி.டி.எஃப்.-1 மட்டும் என்றால் தைராய்டையும் சிற்றணு நுரையீரல் புற்றையும் நினைக்க வேண்டும். காட்டா-3யும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் மார்பகத்தையும், பாக்ஸ்-8 சூலகம், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும், சி.டி.எக்ஸ்.-2 குடல் பாதையையும், பி-40 செதிளணுப் புற்றையும், சாக்ஸ்-10 மெலனோமாவையும் சுட்டும். இவற்றில் எதுவும் ஓர் உறுப்புக்கு மட்டுமே உரியது அன்று. காட்டா-3 சிறுநீர்ப்பைப் புற்றிலும் தெரியும், மீசோதீலியோமாவில்கூடத் தெரிவதுண்டு. ஆதலால் ஸ்கேன் படத்தையும் சாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

லிம்போமாவில் சிறு நிணநீரணுக்கள் மட்டுமே திரண்டு, காசநோய் அழற்சியைப் போலத் தோன்றலாம். அவை ஒரே குலத்திலிருந்து பெருகியவையா என்பதை ஃப்ளோ சைட்டோமெட்ரி சொல்லும். கட்டியே இல்லாமல் உடலின் உறைகளுக்குள் நீராக மட்டும் வரும் அரிய லிம்போமா ஒன்றும் உண்டு. அது எச்.எச்.வி.-8 என்ற வைரஸோடு தொடர்புடையது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது. அங்கே நீரைத் தவிர நோயறிதலுக்கு வேறு வழியே இல்லை.

உடலின் உறை நீர்களுக்கான பன்னாட்டு அறிக்கை முறை, 2020 முதல் முடிவுகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது: போதாத மாதிரி, புற்று இல்லை, பொருள் தெளிவில்லாத மாறுபாடு, புற்று எனச் சந்தேகம், புற்று. கடைசி வகை வந்தால் ஏறத்தாழ ஐயமில்லை. ‘புற்று இல்லை’ என்று எழுதப்பட்டவற்றிலும் சுமார் ஐந்தில் ஒன்றில் பின்னர் புற்று தெரியவருகிறது என்பதே அந்த முறைக்கு அடிப்படையான தரவுகள் சொல்வது. சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் இந்த இரண்டாம் வகையைத்தான் தவறாகப் படிக்கிறார்கள்.

விடை ‘இல்லை’ என்று வந்தால்

முதலில் மாதிரியின் தரத்தைக் கேளுங்கள். எவ்வளவு நீர் வந்தது, செல் பிளாக் செய்யப்பட்டதா, உயிரணுக்கள் நன்றாக இருந்தனவா? குறை இருந்தால் வடிகுழாயிலிருந்து இரண்டாவது மாதிரியை அனுப்ப வேண்டும். அதன் பிறகும் சந்தேகம் நீங்காமல், வேறு காரணமும் கிடைக்காமல், நீர் திரும்பச் சேருமானால், உறையிலேயே சிறு சாளரம் ஒன்றைத் திறந்து திசு எடுக்கும் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்க வேண்டும். மார்பெலும்பின் கீழிருந்தோ, மார்பறைக்குள் கேமராவைச் செலுத்தியோ அதைச் செய்யலாம். நீருக்கு வடிகாலும் நமக்குத் திசுவும் ஒருசேரக் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு துண்டு, நோய் படிந்த இடத்தைத் தவறவிட்டிருக்கலாம் என்பதால், தடிப்போ முடிச்சோ தெரியும் இடங்களிலிருந்து பல துண்டுகள் எடுப்பது அவசியம்.

உறையில் தோன்றும் மீசோதீலியோமாவும் இதயத்தில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமாவும் நீருக்குள் எளிதில் உயிரணுக்களை உதிர்ப்பதில்லை. இளவயதினர் ஒருவருக்கு இரத்தச் சிவப்பான நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்து, சைட்டாலஜி ஒவ்வொரு முறையும் வெறுமையாக வருமானால், வலது மேலறையை இதய எம்.ஆர்.ஐ.யில் பார்க்காமல் விடக் கூடாது. மீசோதீலியல் உயிரணுக்கள் மட்டுமே மிகுதியாக இருந்து, அவை வெறும் அழற்சியா, புற்றா என்ற ஐயம் எழும்போது, பி.ஏ.பி.-1 புரதம் உட்கருவில் இழக்கப்பட்டிருப்பது புற்றின் பக்கம் சாயும் வலுவான சான்று. பெட்-சி.டி. (சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) எங்கே பயாப்சி எடுக்கலாம் என்று காட்டுவதில் உதவும். அழற்சியும் காசநோயும் அதில் ஒளிரும் என்பதால் ஒளிர்வதையே புற்றென்று எடுத்துக்கொள்ளலாகாது.

இவ்வளவும் செய்த பின்னும் ஒன்றும் கிடைக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மூன்று மாதம் கழித்து எக்கோவும் மார்பு ஸ்கேனும் செய்யத் தேதி குறித்துக் கொடுக்க வேண்டும். இருமல், எடைக்குறைவு, மீண்டும் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியே கொடுக்க வேண்டும். எஞ்சிய செல் பிளாக்கைப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னர் வேறிடத்தில் கட்டி தெரிந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.

விடை ‘ஆம்’ என்று வந்தால்

புற்று உறுதியான அன்றே செல் பிளாக்கில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கேட்க வேண்டும். நுரையீரல் அடினோகார்சினோமா என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.-1 முதலிய மரபணு மாற்றங்களையும் பி.டி.-எல்.1 அளவையும், மார்பகம் என்றால் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 வையும் அந்த நீரிலிருந்தே சோதிக்கலாம். இதனால் இன்னொரு பயாப்சியைத் தவிர்க்க முடிகிறது. உயிரணுக்கள் அடியில் திரண்டபின் மேலே நிற்பதும், முன்பு வீணென்று கொட்டப்பட்டதுமான நீரில்கூடப் புற்றின் டி.என்.ஏ. மிதக்கிறது, வசதியுள்ள ஆய்வகங்கள் அதையும் பயன்படுத்துகின்றன. இந்த மாற்றங்களுள் ஒன்று கண்டறியப்படுவது நோயாளிக்கு மிகப் பெரிய வேறுபாட்டைத் தரும். குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகளால் நான்காம் நிலை நுரையீரல் புற்றையும் நெடுங்காலம் கட்டுப்படுத்த முடிந்திருக்கிறது. லிம்போமாவும் இரத்தப் புற்றும் இந்த நிலையிலும் சிகிச்சைக்கு நன்றாக இசைபவை.

நீர் திரும்பச் சேராமல் தடுக்கும் வழியையும் உடன் தீர்மானிக்க வேண்டும்: வடிகுழாயை நீட்டித்து வைப்பதா, உறைக்குள் மருந்து செலுத்துவதா, சாளரம் திறப்பதா என்பது புற்றின் வகையையும் நோயாளியின் உடல் வலுவையும் பொறுத்தது. உறைக்குள் செலுத்தும் மருந்துகளில், நுரையீரல் புற்றுக்குச் சிஸ்பிளாட்டினும் மார்பகப் புற்றுக்குத் தியோடெப்பாவும் பயன்பட்டு வருகின்றன.

நோயாளியிடம் இதைச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் நீரை எடுத்த இதய மருத்துவரிடமே வந்து சேர்கிறது. நோயாளி இதயக் கோளாறு என்று நினைத்து வந்தவர். புற்றுநோய் என்ற சொல்லை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். மாதிரியை அனுப்பும்போதே எதைத் தேடுகிறோம் என்பதை அவர் கேட்க விரும்பும் அளவுக்குச் சொல்லிவைப்பதும், அறிக்கை வந்தபின் இருக்கையில் அமர்ந்து, குடும்பத்தில் அவர் விரும்பும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, எந்த உறுப்பில் தொடங்கியது என்பது தெரிந்ததா இல்லையா, இன்னும் எந்தச் சோதனைகளின் முடிவு வர வேண்டும், புற்றுநோய் மருத்துவரை எந்த நாளில் பார்க்கப் போகிறார் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்வதும் இந்த நோயறிதலின் பகுதியே. அந்தச் சந்திப்பு ஒரு வாரத்துக்குள் அமையும்படி மருத்துவரே ஏற்பாடு செய்து, வடிகுழாய் அகற்றப்பட்டவருக்கு வீட்டுக்குச் செல்லும் முன் ஒருமுறையும், சந்திப்புக்கு முன் இன்னொரு முறையும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும்.